சக்கரவர்த்திகளின் சாயம்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், இன்றைய லெபனான் தேசத்தைச் சேர்ந்த தீரு, சீதோன் என்னும் துறைமுகப் பட்டினங்களில் வாழ்ந்த பினீஷிய வணிகர், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, முட்கள் நிறைந்த ஓடுடைய ஒருவகைக் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்துக் கம்பளியில் ஏற்றி, தேசாந்தரங்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருஞ்செல்வம் திரட்டினார்கள். ஹெர்குலிஸ் என்ற வீரன் கடற்கரையில் உலாவியபோது, கூடவந்த நாய் நத்தையொன்றைக் கடித்து வாய் சிவந்து நின்றதாகவும், அதைக் கண்ட அவன் காதலி அதே வர்ணத்தில் தனக்கொரு வஸ்திரம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததாகவும் கிரேக்கர் கதை கட்டினர்.

கதை அழகியதுதான், ஆனால் நத்தையைக் கடித்த நாயின் வாய் அக்கணமே ஊதாவாகியிராது. அப்பிராணியின் உடலிலுள்ள ஒரு சிறு சுரப்பியில் ஊறும் திரவம் முதலில் ஏறக்குறைய நிறமற்றதாகவே இருந்து, காற்றும் வெயிலும் பட்ட பின்னரே மஞ்சளாகி, பச்சையாகி, நீலம் பாய்ந்து, கடைசியில் ஊதாவாக நிலைபெறுகிறது. அதோடு சகிக்கவொண்ணாத துர்நாற்றமும் எழும். சாயப்பட்டறைகள் மிகுந்த தீரு நகரம் வாழ்வதற்கு இன்பமற்றது, ஆயினும் அதன் செல்வத்துக்கு அவையே காரணம் என்று ஸ்ட்ராபோ என்னும் பூகோள ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

சாயமேற்றும் முறையை ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் விவரித்திருக்கிறார். இரை வைத்த கூடைகளைக் கடலில் இறக்கி நத்தைகளைப் பிடித்து, பெரியவற்றின் ஓட்டை உடைத்துச் சுரப்பியை எடுத்தும், சிறியவற்றை ஓட்டோடு நசுக்கியும், மூன்று நாள் உப்பிலிட்டு, பிறகு ஈயப் பாத்திரத்தில் நீர் வார்த்து, தொலைவிலுள்ள உலையிலிருந்து குழாய்வழி வரும் மிதமான சூட்டில் ஏறத்தாழப் பத்து நாள் வரையில் பக்குவப்படுத்தினார்கள். இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. நிறம் முற்றிய சாயம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் புகாது. பாத்திரத்தில் எஞ்சிய நத்தை மாம்சத்தை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களே அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்நிலையில் நனைத்தெடுத்த கம்பளி காற்றுப் பட்டதும் சாயம் இழைக்குள்ளேயே மீண்டும் ஊதாவாக உறைந்து, வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாமல் நிற்கிறது. நமது அவுரிச் சாயமும் இப்படித்தான் தொட்டியில் புளித்துக் கரைந்து துணியேறுகிறது. அதில் வியப்பில்லை, அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் கிடைப்பதே இந்த நத்தை ஊதா. இரசாயனம் என்னும் சாஸ்திரமே உருவாகாத காலத்தில், நாற்றத்துக்கு நடுவே நின்று, பாத்திரத்தின் பக்குவத்தைக் கண்ணாலும் மூக்காலும் அளந்த அந்தச் சாயக்காரரை, அத்துணியை உடுத்திய மன்னரினும் மேலாகவே நான் மதிக்கிறேன்.

மன்னர்களோ அந்நிறத்தைத் தமக்கே உரித்தாக்கிக்கொள்ள முயன்றார்கள். நீரோ சக்கரவர்த்தி உயர்ந்த ஊதாக்களின் விற்பனையைத் தடைசெய்ததோடு, தானே ஓர் ஆளை ஏவிச் சந்தை நாளில் சிறிதளவு விற்கச் செய்து, அதைச் சாக்காக்கி வியாபாரிகளின் கடைகளை மூடினான் என்று சரித்திராசிரியர் சூட்டோனியஸ் சொல்கிறார். கி.பி. 301-இல் டயோகிளீஷியன் வெளியிட்ட விலைக் கட்டளையில், ஊதா ஏற்றிய பட்டு ஒரு ராத்தலுக்கு உச்ச விலை 1,50,000 தினாரி. இந்த விலை வெறும் ஆடம்பரத்தால் வந்ததன்று: 1909-இல் பால் பிரீட்லெண்டர் என்ற விஞ்ஞானி 12,000 நத்தைகளிலிருந்து பிரித்தெடுத்த சாயம் 1.4 கிராம் மாத்திரமே.

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தபின் இத்தொழில் ஐரோப்பாவில் நசித்தது. 1464-இல் போப் இரண்டாம் பவுல், கார்டினல்களின் அங்கிக்குக் கெர்மஸ் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பையே பயன்படுத்தலாம் என்று விதித்துவிட்டார்.