டிகிரி முடித்துவிட்டு டாக்டர் ஆகலாமா?



ஒவ்வோர் ஆண்டும் நீட் முடிவு வந்ததும் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு இரண்டு வகையான கேள்விகள் வருகின்றன. பிளஸ் 2 முடித்த பிள்ளைகளின் பெற்றோர், "பி.எஸ்சி.யில் சேர்த்துவிட்டு மறுபடியும் நீட் எழுதச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள். பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளின் பெற்றோர், "இன்னொரு டிகிரி படிக்க வைக்கலாமா, எம்.எஸ்சி.யில் சேர்க்கலாமா? டாக்டர் சீட்டுக்கு எது உதவும்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு இரண்டாவது டிகிரியும் உதவாது, எம்.எஸ்சி.யும் உதவாது. அந்தந்த ஆண்டின் நீட் மதிப்பெண் ஒன்றுதான் கணக்கு.

வெளிநாட்டு ஆலோசனை

இந்தக் குழப்பம் பெரும்பாலும் வெளிநாட்டில் உள்ள உறவினர்களின் பேச்சிலிருந்து வருகிறது. அவர்கள் சொல்வது தவறல்ல. ஆனால் அது அவர்கள் இருக்கும் நாட்டுக்கு உரியது.

அமெரிக்காவில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகுதான் மருத்துவப் படிப்பு. அங்கே பட்டப்படிப்பின் மதிப்பெண்ணையும், எம்கேட் என்னும் தேர்வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால் மதிப்பெண் குறைந்த மாணவர், கூடுதலாகச் சில அறிவியல் பாடங்களை இளநிலை அளவிலேயே படிப்பதா, ஒரு முதுநிலைப் பட்டம் பெற்றுத் தன் திறமையைக் காட்டுவதா என்று யோசிக்கிறார். சிங்கப்பூரில் இரண்டு வழிகளும் உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப்படிப்பு முடிந்ததுமே எம்.பி.பி.எஸ். சேரலாம். டியூக்-என்.யு.எஸ். கல்லூரியில் பட்டதாரிகளைத்தான் சேர்க்கிறார்கள்.

இந்தியாவில் அப்படி இல்லை. பி.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றாலும், நீட்டின் 720 மதிப்பெண்ணில் ஒன்றுகூடக் கூடாது. பட்டதாரியும் பிளஸ் 2 மாணவரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஒரே தரவரிசையில்தான் வருகிறார்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என்று மொத்தம் 180 கேள்விகள். எல்லாம் பிளஸ் 1, பிளஸ் 2 அளவிலான பாடங்களே. போன ஆண்டு வாங்கிய நீட் மதிப்பெண்ணும் இந்த ஆண்டுச் சேர்க்கைக்குச் செல்லாது.

வயது தடையில்லை, ஆனால் காலம் போகும்

நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. இது ஒரு வாய்ப்பு. நிறுத்தத் தெரியாத குடும்பங்களுக்கு இதுவே சோதனையாகவும் ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டையும் முடித்து 22 அல்லது 23 வயதில் சேரும் பிள்ளை வெளியே வரும்போது வயது 27 அல்லது 28-ஐத் தாண்டிவிடும். சிறப்பு மருத்துவராக வேண்டுமானால் இன்னும் மூன்றாண்டு. அதுவரை வீட்டைத் தாங்க யாராவது இருக்கிறார்களா என்பதையும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

மறுபடி எழுத வைப்பதா?

முதல் முறை ஒழுங்கான பயிற்சி இல்லாமல் எழுதிய பிள்ளைக்கு ஓராண்டு கொடுப்பது நியாயம். இரண்டாம் முறை மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். நம் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய இடைவெளி குறையாமல் இருந்தால், நகையை அடகு வைத்து மூன்றாம் ஆண்டும் கோச்சிங் கட்டணம் கட்டுவது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது என்பதே என் கருத்து.

முயற்சியை விட மனமில்லை என்றால் பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே எழுதலாம். கையில் ஒரு பட்டம் மிஞ்சும். ஆனால் நீட் பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வரும். செமஸ்டர் தேர்வும் அதையொட்டியே வரும். இரண்டையும் சமாளிக்கும் பிள்ளையா என்று பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொரு டிகிரியா, எம்.எஸ்சி.யா?

பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கு என் ஆலோசனை: டாக்டர் சீட்டை மனதில் வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் படிப்பு தன்னளவில் என்ன தருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது இளநிலைப் பட்டம் என்றால், அது தொழில் செய்யும் உரிமத்தைத் தர வேண்டும். நர்சிங், பார்மசி போன்றவை அத்தகையவை. மருத்துவமனையில் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசை அதிலும் நிறைவேறும். விலங்கியல் முடித்துவிட்டு மறுபடி தாவரவியல் பட்டம் படிப்பதில் மூன்றாண்டுகள் வீணாகும்.

யுனானியில் பி.யு.எம்.எஸ். படிப்பும் உண்டு. அரசு யுனானி மருத்துவக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. இதற்கும் நீட் கட்டாயம். அதோடு உர்தூ, அரபி, பார்சி மொழிகளில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மதரஸாவில் ஓதிய பிள்ளைகள், தங்கள் படிப்பு இந்த விதிக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியராக, ஆய்வாளராக, ஆய்வகத்தில் பணியாற்றுபவராக வர விரும்பும் பிள்ளைக்கு எம்.எஸ்சி. நல்ல வழி. நம் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எம்.எஸ்சி. மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி, மெடிக்கல் அனாட்டமி என்று பெயரில் 'மெடிக்கல்' இருந்தாலும், அதைப் படித்தவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. "நீட் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கல்யாணம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நீட் ஒரு தேர்வு மட்டுமே. அதில் தவறிய பெண்ணின் படிப்பை அதோடு நிறுத்துவது நியாயமில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது இளநிலைப் படிப்பு வரைதான், எம்.எஸ்சி.க்குக் கிடைக்காது.

நமக்குள்ள உரிமைகள்

தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொதுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் இடம் பெறலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மறுமுறை நீட் எழுதினாலும் அது போவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது இல்லை. சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகள் பல இந்த வகையில் வருவதால், ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதை அறிந்திருப்பது நல்லது.

சிதம்பரத்தில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. மாணவர்கள் போராடிய பிறகு 2021-இல் அது சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. இன்று அங்கே மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணமே. சீட்டு கிடைத்துவிட்டால் பணத்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

அதனால் முடிவெடுக்கும் முன் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து மஷூரா செய்யுங்கள். எத்தனை முறை எழுதுவது, அதற்கு எவ்வளவு செலவு செய்வது, கிடைக்காவிட்டால் என்ன படிப்பது என்ற மூன்றையும் தேர்வுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். கல்வி உதவி கேட்டு வருபவர்கள் நீட் மதிப்பெண் பட்டியல், பிளஸ் 2 சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து யோசிப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்