ஐஸ்லாந்தின் முதல் தாய்மார்கள்

வைக்கிங் என்றதும் கொள்ளைக் கப்பல்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நிலம் தேடிக் குடும்பத்தோடும் ஆடுமாடுகளோடும் கடல் கடந்தவர்களும் அவர்களில் உண்டு. 870ஆம் ஆண்டையொட்டி அப்படித்தான் ஐஸ்லாந்தில் குடியேற்றம் தொடங்கியது. 930இல் அங்கே ‘ஆல்திங்’ என்ற பேரவை கூடியது. அரசன் இல்லாத நாடு. சட்டங்களை மனப்பாடமாக எடுத்துச் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சமூகத்தில் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்லர். குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவிய வழியினர், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழியினர் என்கின்றன மரபணு ஆய்வுகள். அப்பெண்களில் பலர் அடிமைகள். பழைய ஐஸ்லாந்துக் கதையொன்றில் மெல்கோர்கா என்ற அயர்லாந்து அடிமைப் பெண் வருகிறாள். எல்லோரும் அவளை ஊமை என்றே நம்பியிருந்தார்கள். ஒருநாள் தன் சின்ன மகனோடு அவள் தனியே பேசிக்கொண்டிருந்தது வெளிப்பட்டுவிடுகிறது. வீரர்களின் சாகசங்களைவிட நம் நெஞ்சைத் தொடுவது இந்தத் தாயின் பேச்சுதான்.

குடியேற்றத்தால் ஐஸ்லாந்தின் நிலமும் மாறியது. பிர்ச் மரக்காடுகள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அழிந்து, மண் அரித்துப்போனது. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் அங்கே மரம் நட்டு வருகிறார்கள்.