எங்கள் படகுகளுக்கு ஒரு பொறியியலாளர் வேண்டும்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் படகுகளைக் காட்டி, அவை எதனால் செய்யப்பட்டவை என்று கேட்டால், 'பைபர்' என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதே பொருளைப் பல்கலைக்கழகங்கள் 'கொம்போசிட்', அதாவது கூட்டுப்பொருள் என்ற பெயரில் முதுமாணிப் பட்டம் வரை கற்பிக்கின்றன. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டை என்று இந்த மாவட்டத்தின் கரை முழுவதும் அந்தப் பொருளின் மேல் ஏறித்தான் தொழிலுக்குப் போகிறது. ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் இப்படியொரு படிப்பு இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பதை நினைத்துப் பாருங்கள். மண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோலுக்குத் தனியே நிற்கத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் சுவர் நிற்கிறது. கண்ணாடியிழைப் படகின் தத்துவமும் இதுதான். மெல்லிய கண்ணாடி இழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. ரெசின் அந்த இழைகளை ஒன்றாகப் பிடித்து, சுமையை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குக் கடத்துகிறது. இதன் எடை, அதே கனவளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். துருவும் பிடிக்காது.

மரமும் இயற்கை செய்த ஒரு கூட்டுப்பொருளே. ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்று அழைத்த ஹல்மில்ல மரம், ஒரு காலத்தில் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குப் பெயர்பெற்றது. பிறகு கண்ணாடியிழை வந்தது. இலங்கையில் அதன் தொடக்கங்களில் ஒன்று தமிழர் கரையிலேயே நிகழ்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

படகு கட்டும் முறை பார்வைக்கு எளிது. அச்சுக்கு மெழுகு பூசி, மேற்பூச்சு அடித்து, கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றை வெளியேற்றுவார்கள். இதையே அடுக்கடுக்காகச் செய்வார்கள். பிழை நேரும் இடங்கள் இதற்குள்தான் இருக்கின்றன. ரெசினை இறுக வைக்கும் திரவத்தைக் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 20 கிராம் வரைதான் சேர்க்க வேண்டும். கூடினால் ரெசின் சூடேறி வெடிக்கும், குறைந்தால் முழுமையாக இறுகாது. இழை ஈரமாக இருந்தாலும் அடுக்குகளுக்கிடையே காற்று தங்கினாலும் அந்த இடம் பலவீனமாகும். வெயிலும் ஈரப்பதனும் நாளுக்கு நாள் மாறும் எங்கள் கரையில், நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

சாயம் பூசிய பிறகு நல்ல படகும் மோசமான படகும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் நடுக்கடலில்தான் தெரியவரும். 2004 டிசம்பர் 26 சுனாமி நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை அழித்தது, சேதப்படுத்தியது. அதன் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் பலவற்றின் தரம் குறித்து முறைப்பாடுகள் எழுந்தன. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2009இல் கண்ணாடியிழைப் படகு கட்டுவதற்கென்றே ஒரு கைநூலை வெளியிட்டது. கட்டுபவர்களின் கைத்திறனில் குறைவில்லை. அந்தத் திறனை அளந்து, சோதித்து, எழுதிவைக்கும் அறிவுதான் பக்கத்தில் இருக்கவில்லை.

முதுமாணியில் என்ன படிக்கிறார்கள்?

அந்த அளவீட்டையும் சோதனையையும்தான் இந்தப் படிப்பு கற்பிக்கிறது. இழையை எந்தத் திசையில், எத்தனை அடுக்காக வைத்தால் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணிப்பது முதற்பாடம். உற்பத்தி முறைகள், வெட்டிப் பார்க்காமலே மீயொலியால் உள்பிழையைக் கண்டறிதல், உப்புநீரில் பொருள் எப்படி மூப்படைகிறது, உடைந்ததை எப்படிப் பழுதுபார்ப்பது என்பவை அடுத்து வரும். இறுதியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தென்னை நாரையும் பனை நாரையும் கண்ணாடியிழைக்குப் பதிலாகப் பயன்படுத்த முடியுமா என்பது போன்ற தலைப்புகளுக்கு எங்கள் மண்ணிலேயே மூலப்பொருள் இருக்கிறது.

இதற்கு இயந்திரவியல், பொருளியல்சார் பொறியியல், இரசாயனப் பொறியியல் போன்ற ஒன்றில் இளமாணிப் பட்டம் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் பௌதிகவியல், இரசாயனவியல் பட்டதாரிகளையும் சேர்க்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை. ஆகவே ஒலுவில், கிளிநொச்சி, பேராதனை, மொறட்டுவை என்று வெளியே போக வேண்டும். பொருள் விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் தனித்துறை மொறட்டுவையில் உண்டு. கூட்டுப்பொருளை மட்டுமே மையமாகக் கொண்ட முதுமாணிக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான் போக வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் அது பொதுவாக ஓராண்டு, ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இந்தியாவிலும் இரண்டாண்டு.

கடன் எடுத்து முகவரிடம் போவதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? மாணவர் தம் கையாலேயே பொருளைச் செய்து உடைத்துப் பார்க்கும் ஆய்வுகூடம் உண்டா? பொதுநலவாயம், எராஸ்மஸ், இந்திய அரசு ஆகியவற்றின் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பித்தாயிற்றா?

படித்துவிட்டு?

போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருள். மன்னாரில் சுழலும் 30 காற்றாலைகளின் இறக்கைகளும் அதுவே. அப்துல் கலாமின் தந்தை இராமேஸ்வரத்தில் மரப்படகு கட்டியவர். மகன் ரொக்கெட்டுகளுக்காகக் கூட்டுப்பொருள் ஆய்வில் ஈடுபட்டார். ஏவுகணைக்காக உருவான இலகுவான பொருள், பின்னர் ஹைதராபாத்தில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்கான கால் தாங்கியானது. மூன்று கிலோ அளவில் சுமந்த எடை சுமார் 300 கிராமாகக் குறைந்தது.

திருகோணமலைக்கும் இப்படிச் சில தேவைகள் காத்திருக்கின்றன. பட்டறைகளில் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை ஸ்டைரீன் என்ற இரசாயனத்தினுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற பிரிவில் 2018இல் சேர்த்தது. காற்றோட்டமும் முகக்கவசமும் ஆடம்பரமல்ல என்று பட்டறைக்காரருக்கு அவர் மொழியிலேயே விளக்க ஒருவர் வேண்டும். இன்னொன்று, ஆயுள் முடிந்த படகுகள். இறுகிய ரெசினை இரும்பைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. மரப்படகு உக்கிப் போகும், பைபர் படகு கரையிலேயே கிடக்கும். வெளிநாடுகளில் இவற்றை அரைத்துச் சீமெந்துச் சூளைகளில் பயன்படுத்துகிறார்கள்.  எங்கள் நாட்டில் இது சாத்தியமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வேடு ஆகும்.

படித்தவர்கள் எல்லோரும் திரும்பி வரப்போவதில்லை. வரச் சொல்லும் அளவுக்கு இங்கே சம்பளமும் இல்லை. ஆனாலும் படகுக் கரையில் வளர்ந்த ஒரு பிள்ளை இந்தத் துறைக்குள் நுழையும்போது, எந்தப் பாடப்புத்தகமும் கேட்காத ஒரு கேள்வியையும் கொண்டு போகும்: இந்த அடுக்கு பிரிந்தால், அதில் கடலுக்குப் போன அப்பா எப்படிக் கரை வந்து சேர்வார்?