சம்மன் வந்தால் ஜெயிலா?



சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு மாணவன் சட்டம் பற்றி எழுதுகிறானே, "இவனுக்கு சர்வேயே சரியா வராது, இதுல கோர்ட் வேறயா!" என்று பின் பெஞ்ச் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். ஆனால் நம்மில் நிறைய பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. ஏதாவது கடுதாசி வந்தால் நம்மிடம்தான் நீட்டுவார்கள். எங்கள் வீட்டில் அன்று நீட்டவில்லை. அதனால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

நான் ஹாஸ்டலில் இருந்தபோது, வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் அப்பா மேல் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டார். சம்மன் கொண்டுவந்த கோர்ட் ஊழியரைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து அப்பா கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டார். அம்மா "நாங்க எதையும் வாங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். பிரச்சினை முடிந்தது என்று இருவருக்கும் நிம்மதி!

இங்கேதான் முதல் பாடம். வழக்கு இரண்டு வகை. திருட்டு, அடிதடி, மோசடி எல்லாம் கிரிமினல். அதில் அரசாங்கமே வழக்கு நடத்தும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், தண்டனை உண்டு. நிலம், கடன், வாடகை, பாகப்பிரிவினை எல்லாம் சிவில். (நாம் படிக்கிற சிவில் வேறு!) அதில் கேஸ் போட்டவர் வாதி, எதிரில் இருப்பவர் பிரதிவாதி. யார் பக்கம் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். வரப்புக் கேஸில் சம்மன் வந்ததற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள். கோர்ட் தடை போட்ட பிறகும் மீறினால் சிவில் சிறை உண்டு, அது வேறு சங்கதி.

வக்கீல் நோட்டீஸும் சம்மனும் ஒன்றல்ல. நோட்டீஸ் என்பது எதிர்தரப்பு வக்கீல் எழுதும் கடிதம்தான். பதில் போடுவது நல்லது. சம்மன் கோர்ட்டின் அழைப்பு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள், ஒட்டினாலே கொடுத்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் 30 நாளில் பதிலுரை போட வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். வாய்தாவுக்கே போகாவிட்டால்? வாதி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆகிவிடும். அதைத்தான் கோர்ட்டில் 'எக்ஸ்பார்ட்டி' என்கிறார்கள். அப்பாவுக்கு அதுதான் நடந்தது.

லீவில் ஊருக்குப் போனபோது பக்கத்து நிலத்துக்காரர் தீர்ப்பு நகலைக் காட்டினார். தேதியைப் பார்த்தேன், 21 நாள் ஆகியிருந்தது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்குக் கெடு 30 நாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எதற்கும் மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போனேன். வெளியே வக்கீல் ஃபீஸ் எங்களால் முடியாது.

இந்த இலவச உதவி தருமம் அல்ல. 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 39-ஏ பிரிவு இதைச் சொல்கிறது. 1987-ல் தனிச் சட்டம் இயற்றி, 1995 நவம்பர் 9 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் (நாளைக்கு நாம்தான்!) ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. அப்பா வருமானச் சான்று கொடுத்தார். போனில் கேட்க 15100.

கிரிமினல் பக்கம் ஒரு வார்த்தை. 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. நாம் திட்டுகிற '420' இப்போது 318-வது பிரிவு! '144 தடை உத்தரவு' 163 ஆகிவிட்டது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லை, அங்கே போ" என்று அனுப்பக்கூடாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

எங்களுக்குக் கொடுத்த வக்கீல் அம்மா 27-வது நாள் மனு போட்டார். "பயந்துட்டேன் சாமி" என்று அப்பா கூண்டில் உண்மையையே சொன்னார். எதிர்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி, தீர்ப்பை ரத்து செய்து கேஸை மறுபடி எடுத்தார்கள். ஜெயித்துவிடவில்லை. பேச வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது வரப்பை அளந்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகக் கோர்ட் போட்டிருக்கிறது. அடுத்த மாதம் சர்வேயரோடு வருகிறார். நான் லீவு போட்டுப் போகிறேன். அப்பா கேட்டார், "செயின் நீ புடிப்பியா தம்பி?"

பார்ட்டியோட மகன் செயினைப் பிடிச்சா நல்லா இருக்காதுப்பா, பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.