சிந்தினாலும் மக்கும் மசகு

மரம் அறுக்கும் மெஷின் வாளின் சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் திரும்பி வருவதே இல்லை. சங்கிலி சுற்றச் சுற்ற மரத்தூளோடு தெறித்து மண்ணில் விழுகிறது. கப்பலின் சுழல்விசிறித் தண்டு வெளியே நீளும் இடத்திலும் எண்ணெய் கடலில் கசியும். கார் எஞ்சின் ஆயிலை வடித்தெடுத்துவிடலாம். சிந்தியே தீரும் எண்ணெயை யார் அள்ளுவது? கச்சா எண்ணெயிலிருந்து வந்ததென்றால் அது மண்ணிலும் நீரிலும் நெடுநாள் கிடக்கும். தாவர எண்ணெயை நுண்ணுயிர்கள் விரைவில் தின்றுவிடும். 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் சிதைந்தால்தான் 'எளிதில் மக்கும்' என்று சோதனைக்கூடம் சான்று தரும்.

தாவர எண்ணெய் ஏதோ இரண்டாந்தரச் சரக்கு அல்ல. அதன் மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் மேலே அடர்ந்து நிற்கும். உரசும் பரப்புகள் நேராக மோதுவதில்லை. சூடேறினாலும் கனிம எண்ணெய் அளவுக்கு நீர்த்துப்போகாது. ஆனால் காற்றும் வெப்பமும் பட்டால் பிசுபிசுத்துப் போகும், கடுங்குளிரில் உறையும். மூலக்கூறில் உள்ள கிளிசரால் பகுதியை நீக்கி, வெப்பம் தாங்கும் வேறொரு ஆல்கஹாலைப் பொருத்தி வேதியியலார் இதைப் பெருமளவு சரிசெய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு வியப்பூட்டுவது ஆமணக்குதான். மாட்டுவண்டி அச்சுக்கு நம்மவர்கள் விளக்கெண்ணெய் போட்டார்கள். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் அதையே மசகாகக் கொண்டு ஓடின. பெட்ரோல் கலவை எஞ்சினுக்குள் புகுந்து பாய்ந்தாலும் அதில் எளிதில் கரைந்துவிடாத எண்ணெய் அது. 'காஸ்ட்ரால்' என்ற மசகு எண்ணெயின் பெயரே 'காஸ்டர் ஆயில்' தந்ததுதான். விளக்கெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் அத்தனை கெட்டி. இன்று பட்டறையில் பேரிங்குக்கு அப்பும் லித்தியம் கிரீஸைக் கெட்டியாக்கும் பொருளும் பெரும்பாலும் ஆமணக்கிலிருந்தே வருகிறது.

அமெரிக்கா 2013-இல் வெளியிட்ட விதிப்படி, அதன் கடற்பரப்பில் இயங்கும் பெரிய வணிகக் கப்பல்கள் கடல்நீரைத் தொடும் பாகங்களுக்கு, தொழில்நுட்பரீதியாக முடியாத நிலை தவிர, மக்கும் மசகையே பயன்படுத்த வேண்டும். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இத்தனை கையிருப்பு உள்ள நாடு, எல்லா எஞ்சினுக்கும் வேண்டாம், காட்டிலும் துறைமுகத்திலும் ஆற்றங்கரையிலும் ஓடும் இயந்திரங்களுக்காவது மக்கும் மசகைக் கட்டாயமாக்க வேண்டும்.