திறக்க மறுத்த கோப்பு

ஆண்டு மலருக்கான கட்டுரைகளை அச்சகத்திற்கு அனுப்ப இரண்டே நாட்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கணினி அறையில் அமர்ந்து, தோழியர் தந்த கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிட்டுக் கொண்டிருந்தோம். திடீரெனச் சில கோப்புகள் திறக்க மறுத்தன. சிலவற்றின் பெயரை மாற்றவே முடியவில்லை. "வைரஸ் வந்துவிட்டது!" என்று ஒருத்தி கூவ, அறையே கலங்கிற்று. வைரஸ் எதுவும் வரவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

பெயர் மாறாததற்குப் பெரும்பாலும் காரணம், அந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருப்பதே. ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கும் நோட்டுக்கு மற்றொருத்தி அட்டை போட முடியுமா? ஓரத்தில் முன்னோட்டம் காட்டும் சிறு பகுதிகூடக் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை மூடியதும் பெயர் மாறியது. வேர்டில் ஒரு கோப்பைத் திறந்தால், அலைக்குறியும் டாலர் குறியும் முன்னே கொண்ட மறைவான குட்டிக் கோப்பு ஒன்று பக்கத்திலேயே உண்டாகிறது. நடுவில் மின்சாரம் போனால் (கோவளத்தில் மழைக் காற்றடித்தால் போகாமலிருக்குமா?) அது அழியாமல் தங்கிவிடும். பிறகு, "வேறொருவர் திருத்திக் கொண்டிருக்கிறார்" என்று கணினி சாதிக்கும். வேர்டை மூடிவிட்டு அந்தக் குட்டியை நீக்கினால் போதும்.

பெயரில் சில குறிகளை விண்டோஸ் ஏற்பதில்லை. எங்கள் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்ததைப் பற்றி எழுதிய தோழி, தேதியைச் சாய்கோடிட்டுப் பெயரில் சேர்க்க முயன்று களைத்துப் போனாள். சிறுகோடு இட்டதும் கணினி ஏற்றுக்கொண்டது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி இவற்றிற்கும் அனுமதியில்லை.

இன்னொருத்தியின் கதை வேடிக்கையானது. கான்வென்ட் என்பதைச் சுருக்கி, ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்று மூன்றே எழுத்தில் பெயரிட்டாள். கணினி அசையவில்லை. பழைய டாஸ் காலத்தில் அம்மூன்றெழுத்து விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும் பெயராக இருந்ததாம். அந்த வழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடவில்லை. கான்வென்ட் என்று முழுவதும் எழுதினால் தடையில்லை!

தமிழில் நீண்ட பெயரிடுவோருக்கு ஒரு செய்தி. லினக்ஸ் கணினிகளில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்டுகளே இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழுக்கோ மெய்ப்புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே மும்மூன்று பைட்டுகள். 'கோவளம்' என்பதற்கே 18 ஆகிறது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் பெயராக வைத்து வீட்டிலிருந்து கொண்டுவந்தவள், அதை லினக்ஸ் கணினியில் நகலெடுக்க முடியாமல் திரும்பிப் போய்ப் பெயரைச் சுருக்கி வந்தாள்.

பழைய மலரின் கோப்பு ஒன்று திறந்தது. ஆனால் தமிழைக் காணோம். பாமினி எழுத்துருவில் அடித்தது அது. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். எழுத்துருவை நிறுவியதும் படிக்க முடிந்தது. இத்தொல்லை தீரவே தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

கடைசியாக நின்றது ஒரே கோப்பு. தோழி ஒருத்தி, கட்டுமரத்தில் சென்ற தன் தாத்தா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது. தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. பதிந்து முடியும் முன்பே பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறாள். வேர்டில் உள்ள 'திறந்து பழுதுபார்' என்ற வசதியும் கைவிட்டது. அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல சிறு கோப்புகளை அடைத்துக் கட்டிய ஜிப் மூட்டை என்று கணினி ஆசிரியை சொன்னார்கள். முதலில் ஒரு நகலெடுத்து, அந்த நகலில்தான் கை வைத்தோம். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தோம். உள்ளே வேர்டு என்ற உறையில் டாக்குமெண்ட் என்னும் கோப்பு கிடைத்தது. அதில் ஆங்கிலக் குறியீடுகளின் நடுவே தமிழ் வரிகள்! மாலை மணியடித்த பின்னும் இருந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குறியீடுகளை நீக்கினோம். படங்கள் இரண்டும் போயின. தாத்தா சொன்ன சொற்கள் அத்தனையும் இருந்தன. அக்கட்டுரையை இம்மலரிலேயே காணலாம்.