மருந்துச் சலுகையும் சிறு மருந்துக் கடையும்

அரசாங்கம் ஒரு சலுகையை அறிவிக்கும்போது, அதனைப் பெறுவோர் எத்தனை பேர், அதற்காகும் செலவு எவ்வளவு என்பன பற்றியே பேச்சு நடைபெறுகின்றது. அச்சலுகையை மக்கள் கையில் கொண்டு சேர்க்கும் சிறு கடையின் நிலை யாது என்று கேட்போர் சிலரே. நெசவாளர் சங்க அங்கத்தினர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. துணியின் விலையில் தள்ளுபடியைக் கழித்துக் கொடுத்துவிட்டு, கழித்த தொகை அரசாங்கத்திடமிருந்து வரும் நாளை எதிர்நோக்கியிருக்கும் சங்கத்தை அவர்கள் நன்கறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு மருந்துக் கடைகளுக்கு 2006ஆம் ஆண்டில் இதே நிலை வந்துற்றது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆதலின் மருந்துக் கடையின் பற்று வரவு நமக்கு அயலான பொருளன்று.

அந்நாட்டில் முதியோர்க்கான மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் 1965இல் ஏற்பட்டது. மருத்துவமனைச் செலவையும் மருத்துவர் கட்டணத்தையும் அது ஏற்றதேயன்றி, வீட்டில் உட்கொள்ளும் மருந்தின் விலையைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. நாற்பதாண்டுகள் இக்குறை நீடித்தது. 2003 டிசம்பர் 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் புஷ் கையொப்பமிட்ட சட்டத்தினால், 2006 ஜனவரி 1 முதல் மருந்துச் சலுகை நடைமுறைக்கு வந்தது. எனினும் அரசாங்கம் இதனைத் தானே நடத்தவில்லை. தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் திட்டங்களை வகுத்து நடத்த, அரசாங்கம் அவற்றுக்குப் பணம் கொடுத்தது. முதலாண்டில் 34 வட்டாரங்களில் மருந்துக்கென மட்டும் 1,429 திட்டங்கள் இருந்தன. வட்டாரத்துக்குச் சராசரி நாற்பதுக்கு மேல்!

சலுகையின் கணக்கும் எளிதன்று. 2006இல் வகுக்கப்பட்ட பொதுத் திட்டப்படி முதல் 250 டாலரை நோயாளியே செலுத்த வேண்டும். அதன்பின் மருந்துச் செலவு 2,250 டாலரை எட்டும்வரை அவர் பங்கு நான்கில் ஒன்று. அதற்குமேல் 5,100 டாலர் வரையிலான செலவு முழுதும் மீண்டும் அவர் தலையிலேயே விழும். அதனையும் தாண்டினால் நூற்றுக்கு ஐந்து அளவே. இடையிலுள்ள இந்த வெற்றிடத்தை அமெரிக்கர்கள் தம் நாட்டு இனிப்பு வடையின் நடுத்துளை என்று அழைத்தனர். சட்டமியற்றியவர்கள் தலைநகரில் இருந்தார்கள். வடைத் துளையை எழுபது வயது முதியவர்க்கு விளக்கும் பொறுப்போ மருந்துக் கடைக்காரரைச் சேர்ந்தது.

கடைக்காரர்கள் எவ்வெவற்றுக்குத் தம்மைத் தயார் செய்து கொள்ள வேண்டியிருந்தது? முதலாவதாக, தம் வாடிக்கையாளர் எத்திட்டத்தில் சேர்வார் என்று தெரியாத நிலையில், பல திட்டங்களோடும் ஒப்பந்தம் செய்து கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மருந்துப் பட்டியல் வேறு. ஒன்றில் உள்ள மாத்திரை மற்றொன்றில் இராது. ஒன்றில் முன் அனுமதி பெற வேண்டும், மற்றொன்றில் வேண்டா. பட்டியலில் இல்லாத மருந்தைப் பழைய நோயாளிக்கு முதன்முறை தடையின்றி வழங்கும் இடைக்கால ஏற்பாட்டையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். “எத்திட்டத்தில் சேரலாம், நீரே சொல்லும்” என்று முதியவர் கேட்டால், கடைக்காரர் விவரங்களைக் கூறலாம். தமக்கு ஆதாயமான திட்டத்தின் பக்கம் அவரைத் திருப்புதல் விதிக்கு மாறானது. இவ்விதி நன்றே என்பது நம் கருத்து.

பெருந்தொல்லை விளைந்தது ஏழை முதியோர் விஷயத்தில். மாநிலங்கள் நடத்தும் மெடிக்கெய்ட் திட்டத்தில் அதுகாறும் மருந்து பெற்றுவந்த அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஒரே நாளில் புதிய திட்டங்களுக்கு மாற்றப்பட்டனர். தாமாகத் தேர்ந்தெடுக்காதவர்களை அரசாங்கமே ஏதேனும் ஒரு திட்டத்தில் சேர்த்தது. பலர் கையில் அட்டையும் இல்லை, தாம் எத்திட்டத்தினர் என்ற அறிவும் இல்லை. கடைக்காரர் கணக்கு அனுப்ப வேண்டுமாயின் அங்கத்தினர் எண், குழு எண், கணக்கு செல்லவேண்டிய இடத்தைக் காட்டும் வேறு இரு குறியெண்கள் ஆகிய நான்கும் வேண்டும். அவற்றைக் கணிப்பொறி வழியே கேட்டறிய ஏற்பாடு இருந்தது. ஆனால் ஜனவரி முதல் நாட்களில் எல்லாக் கடைகளும் ஒருங்கே கேட்டதால் அவ்வேற்பாடு திணறியது. தொலைபேசியிலோ நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்தோர் ஒரு டாலரோ மூன்று டாலரோ செலுத்த வேண்டிய இடத்தில், கணிப்பொறி 250 டாலரைக் கேட்ட நிகழ்ச்சிகளும் உண்டு.

இன்சுலின் வேண்டி நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்ஙனம்? பல கடைக்காரர்கள், பணம் வருமா என்ற உறுதியின்றியே மருந்தைக் கொடுத்தனர். இருபதுக்கும் மேற்பட்ட மாநில அரசாங்கங்கள் தற்காலிகமாகச் செலவை ஏற்றுக் கொண்டன. இடைக்கால ஏற்பாடும் மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. சில மாதங்களில் குழப்பம் அடங்கியது.

அடங்காத தொல்லை மற்றொன்று இருந்தது. தயாரிப்பில் விடுபட்டது அதுவே என்பது நம் துணிபு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கடை நாள்தோறும் 1,000 டாலர் அடக்கவிலை கொண்ட மருந்தைத் திட்டங்களின் கணக்கில் கொடுக்கின்றது என்று கொள்வோம். மொத்த வியாபாரிக்குப் பதினைந்தாம் நாள் பணம் செலுத்த வேண்டும். முன்பு அரசாங்கத் திட்டத்திலிருந்து ஏழாம் நாள் பணம் வந்ததாயின், எட்டு நாள் விற்பனைத் தொகையாகிய 8,000 டாலர் எப்போதும் கடையின் கையில் இருக்கும். புதிய திட்டம் முப்பத்தைந்தாம் நாள் பணம் அனுப்புமாயின், இருபது நாள் தொகையாகிய 20,000 டாலரைக் கடை தன் பணத்திலிருந்து போட வேண்டும். ஆக மொத்தம் 28,000 டாலர் முதல் புதிதாகத் தேவைப்படுகின்றது. விற்பனை ஒரு காசும் குறையவில்லை, நஷ்டமும் இல்லை. இலாப நட்டக் கணக்கில் இது தென்படவே மாட்டாது. ஐந்தொகையில் ‘வரவேண்டிய பாக்கி’ என்று சொத்துப் பக்கத்தில் அழகாக நிற்கும். ஆனால் அப்பாக்கியைக் காட்டி மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க இயலாது. தள்ளுபடி பாக்கியைக் காட்டி நூல் வாங்க இயலாதது போலத்தான். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது நாம் அடிக்கடி காண்பதும் இதுவே: இலாபம் காட்டும் சங்கத்தின் ரொக்கப் பெட்டி காலியாயிருக்கும்.

இக்குறையை நீக்கச் சட்டமன்றத்துக்கு ஈராண்டுகளுக்கு மேலாயின. 2008 ஜூலையில் குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி நிறைவேறிய சட்டம், பிழையற்ற மின்வழிக் கணக்குக்குப் பதினான்கு நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டுமென விதித்தது. நமது உதாரணத்தில் பதினான்காம் நாள் பணம் வருமாயின் பதினைந்தாம் நாள் தவணையைச் செலுத்திவிடலாம். ஆயின் இவ்விதி நடைமுறைக்கு வந்தது 2010 ஜனவரி 1 முதல்தான்.

அதற்குள் நிகழ்ந்ததைப் புள்ளி விவரங்கள் காட்டுகின்றன. 2003 மார்ச் மாதத்துக்கும் 2018 மார்ச் மாதத்துக்கும் இடையே, அந்நாட்டுக் கிராமப் பகுதிகளில் தனியார் தாமே நடத்திய மருந்துக் கடைகள் 1,231 மூடப்பட்டன. நூற்றுக்குப் பதினாறு வீதம் இது. மிக விரைவாகக் குறைந்தது 2007 முதல் 2009 வரையிலான காலத்தில். 2003இல் கடையிருந்த 630 கிராமப்புற ஊர்களில் 2018இல் ஒரு மருந்துக் கடையும் இல்லை. இதற்குச் சலுகைத் திட்டம் ஒன்றே காரணம் என்பது நேர்மையாகாது. பெருங்கடைகளின் போட்டி, தபால்வழி மருந்து, உரிமையாளர்க்கு முதுமை வந்து வாரிசு இன்மை ஆகியவையும் சேர்ந்தன. ஆயினும் முதல் குறைந்த கடையே முதலில் சாய்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

தனித்தனிக் கடையாகக் கம்பெனியோடு பேரம் பேச இயலாதென்பதும் விரைவில் விளங்கிற்று. நீட்டிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடு, இன்றேல் விலகு என்பதே நிலை. தனிக்கடைகள் கூடிப் பேசி விலை கேட்பதோ ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதமாகக் கூடும். ஆகவே அவை தம் சார்பில் ஒப்பந்தம் பேசும் நிர்வாக அமைப்புகளை நாடின. 2013இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்த 22 அமைப்புகளில் பெரும்பாலானவை மொத்த வியாபாரிகளுக்கோ மருந்துக் கடைகளின் கூட்டுறவுகளுக்கோ உரியவை. சரக்கு விற்பவனே வாங்குபவனுக்காகப் பேரம் பேசுவதைவிட, கடைகள் தாமே கூடி அமைத்த கூட்டுறவு பேசுவது மேல் என்று கூறின், கூட்டுறவுத் துறையினரின் பற்று என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

வடைத் துளை 2020இல் அடைபட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோயாளி ஓராண்டில் கொடுக்க வேண்டிய தொகைக்கு 2025இல் 2,000 டாலர் என உச்ச வரம்பும் ஏற்பட்டது. அதே சட்டம் 2026 ஜனவரி 1 முதல் பத்து மருந்துகளுக்கு அரசாங்கம் பேசி முடித்த குறைந்த விலையை விதித்தது. நோயாளிக்கு இவை யாவும் நற்பயனே. கடைக்கோ பழைய கேள்வி புதிய உருவில் வருகின்றது. கடை பழைய விலைக்கே சரக்கு வாங்குமாயின், திட்டத்திடமிருந்து அதற்குக் கிடைப்பது புதிய விலை. இடையிலுள்ள தொகையை மருந்து தயாரிப்பவர் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் அப்பதினான்கு நாட்கள் கடைக்காரர் மருந்தை எடுத்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவன அல்ல. விற்பனை விவரம் திட்டத்தின் வழியே அரசாங்கத்துக்குச் சென்று, அங்கிருந்து தயாரிப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவன. மொத்த வியாபாரியின் தவணை அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை.